பழைய மஸ்டாங் வாங்கினால் முதல் செலவு எதற்கு?

1965 ஃபோர்டு மஸ்டாங் கையில் கிடைத்தால் யாருக்கும் முதலில் இன்ஜின் பக்கம்தான் மனசு போகும். கொஞ்சம் பொறுங்க. அந்தக் காரை நிறுத்துவதுதான் பெரிய வேலை.

அடிப்படை மாடலில் நான்கு சக்கரங்களுக்கும் டிரம் பிரேக். முன்பக்க டிஸ்க் வேண்டுமென்றால் கூடுதல் காசு. அதைவிட ஆபத்தானது மாஸ்டர் சிலிண்டர். 1966 மாடல் வரை முன், பின் சக்கரங்கள் எல்லாவற்றுக்கும் ஒரே சர்க்யூட். ஒரு குழாய் உடைந்தால் பெடல் நேரா தரைக்குப் போயிடும்; மிச்சம் இருப்பது ஹேண்ட்பிரேக் மட்டும்தான். 1967-ல்தான் இரட்டை சர்க்யூட் வந்தது. உங்கள் முதல் செலவு அதற்கே.

அடுத்து முன்பக்க டிஸ்க். டிரம் சுழலும்போதே ஷூவைத் தன்னோடு இழுத்து இறுக்கிக்கொள்ளும். டிஸ்க்கில் அந்த உதவி இல்லை. அதனால் பெடலை இன்னும் பலமாக அழுத்தணும், இல்லையென்றால் வேக்குவம் பூஸ்டர் வேணும். ஆனால் ரேஸ் கேம்ஷாஃப்ட் போட்ட இன்ஜினில் ஐடிலில் வேக்குவம் குறைவு. பூஸ்டர் சரியாக வேலை செய்யாது. இன்ஜினை முதலில் தொட வேண்டாம் என்றது இதற்கும் சேர்த்துதான். பின்சக்கரம் முந்திக்கொண்டு லாக் ஆகாமலிருக்க புரபோர்ஷனிங் வால்வும் தேவை.

சஸ்பென்ஷனில் செலவு குறைந்த வழி ஒன்று இருக்கு. 1965 ஷெல்பி ஜிடி350-ல் முன்பக்க மேல் கன்ட்ரோல் ஆர்மை 1 அங்குலம் கீழே இறக்கிப் பொருத்தினார்கள். புதுத் துளைகள், பிறகு வீல் அலைன்மென்ட், அவ்வளவுதான். வளைவில் வெளிப்பக்க டயர் தரையை நன்றாகப் பிடிக்கும். தேய்ந்த புஷ்ஷையும் பழைய ஷாக் அப்சார்பரையும் அப்படியே விட்டுவிட்டு இதைச் செய்தால் காசுதான் வீண்.