கணினியின் கணக்கும் என் தவறும்



ஊர்விட்டுப் படிக்க வந்த இடத்தில் நான் செய்த தவறு ஒன்றைச் சொல்லி, அதன்வழி ஓர் அறிவியற் செய்தியையும் விளக்க விரும்புகிறேன்.

எங்கள் ஆய்வகக் கணினியின் நினைவகம் 64 ஜிகாபைட். அதைக் கண்காணிக்கும் பொறுப்பு என்னுடையது. சென்ற பருவத்தில் ஒருநாள் 'டாப்' என்னும் கட்டளையை இட்டுப் பார்த்தேன். இளைய மாணவர் ஒருவரின் இரண்டு நிரல்களும் தனித்தனியே 40 ஜிகாபைட் கொண்டிருப்பதாகக் காட்டிற்று. "பொது இடத்தை ஒருவரே விழுங்குவதா!" எனச் சினந்து இரண்டையும் நிறுத்திவிட்டேன். அவருடைய இரண்டு நாள் உழைப்பு வீணாயிற்று.

மறுநாள் அவர் வந்தார். "அண்ணா, 40-உம் 40-உம் 80 ஆயிற்றே! நம் கணினியில் இருப்பது 64 தானே?" என்று மட்டும் கேட்டார். நான் விடையறியாது விழித்தேன்.

விடை இதுதான். அந்நிரல்கள் எல்.எம்.டி.பி. என்னும் தரவுத்தளத்தைப் படித்தன. அது கோப்பு முழுவதையும் நினைவகத்தில் நகலெடுத்து வைப்பதில்லை. கோப்பையே நிரலின் முகவரிப் பரப்போடு பிணைத்துவிடுகிறது. நிரல் தொடும் பக்கங்களை, பெரும்பாலும் 4,096 பைட்டு அளவில், லினக்ஸ் வட்டிலிருந்து கொணர்கிறது.

நம் நூலகத்தை எண்ணிப் பாருங்கள். ஒரே நூலை இருவர் சேர்ந்து படித்தால் மேசைமேல் இருப்பது ஒரு நூலே. 'ரெஸ்' என்னும் கணக்கோ அதை இருவர் பெயரிலும் எழுதுகிறது. 80 வந்தது இவ்வாறே. வேறொருவருக்கு மேசை வேண்டுமாயின் நூலை அடுக்கில் திருப்பி வைக்கலாம். மூலம் வட்டில் உள்ளது, இழப்பில்லை. மாணவர் தம் கைப்பட எழுதும் தாள்களையோ அவ்வாறு அகற்ற இயலாது.

நிற்க. இவற்றை எப்படிப் பிரித்தறிவது? லினக்ஸில் ஒவ்வொரு நிரலுக்கும் உரிய 'ஸ்டேட்டஸ்' கோப்பில் 'ஆர்எஸ்எஸ்அனான்' என்பது சொந்தத் தாள். 'ஆர்எஸ்எஸ்ஃபைல்' என்பது நூலக நூல். கணினி முழுமைக்கும் 'ஃப்ரீ' கட்டளை காட்டும் 'அவெய்லபிள்' என்னும் எண்ணே நோக்கத்தக்கது. ஆனால் ஒன்று: திருப்பி வைத்த பக்கம் மீண்டும் தேவைப்பட்டால் வட்டுக்குச் செல்ல வேண்டும், வேகம் குறையும்.

பின்னர் அந்நிரல்களை இருவருமாக மீண்டும் ஓட்டிப் பார்த்தோம். ஒவ்வொன்றுக்கும் சொந்தமாக இருந்தது 1 ஜிகாபைட்டுக்கும் குறைவே! நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே தேநீர் வாங்கித் தரச் சொன்னார்.

தோழர்களே, எண் பொய் சொல்லவில்லை. அது எதை எண்ணியது என்று நான்தான் கேட்கவில்லை. நீங்களேனும் கேட்டுவிட்டுப் பிறர் வேலையில் கைவையுங்கள்.