விரைவீக்கமும் அதன் சிகிச்சையும்

ஆண்களுக்கு உண்டாகும் வியாதிகளுள் வெளியிற் சொல்ல நாணி மறைக்கப்படுவன சில உண்டு. அவற்றுள் முதன்மையானது விரைவீக்கம். ஓதம் என்றும் அண்டவாயு என்றும் இதனைக் கிராமவாசிகள் வழங்குவர். வேஷ்டியைத் தழைய உடுத்து ஆண்டுக்கணக்கில் காலங் கடத்துவோர் பலர். வீக்கம் பெருத்தபின் ஏர் பிடிக்கவும் மூட்டை தூக்கவும் இயலாமற் போகிறது, கூலி குறைகிறது, கடன் ஏறுகிறது. எனினும், இதனைக் கண்டறிவதும் குணப்படுத்துவதும் அரிய காரியமன்று.

வீக்கமெல்லாம் ஒரே வியாதி என்று எண்ணலாகாது. விரையைச் சூழ்ந்த மெல்லிய சவ்வின் இரு படைகளினிடையே நீர் சேருவது ஒரு வகை. இது மெதுவாகப் பெருகும். பெரும்பாலும் நோவு இராது. இருட்டறையில் பின்புறமிருந்து விளக்கொளியைப் பாய்ச்சினால், வெளிச்சம் ஊடுருவிச் செந்நிறமாகத் தோன்றும். வைத்தியர் இவ்வெளிய சோதனையால் நீரென்று துணிவர்.

இரண்டாவது குடலிறக்கம். இருமினாற் பெருத்து, படுத்தால் உள்ளே சென்றுவிடும். அங்ஙனம் உள்ளே செல்லாமற் கடினப்பட்டு, நோவும் வாந்தியும் கண்டால், குடல் நெரிபட்டிருக்கலாம்; அன்றைக்கே ரண சிகிச்சை வேண்டும்.

மூன்றாவது விரை முறுக்கிக்கொள்ளுதல். சிறுவருக்கும் வாலிபருக்கும் இது திடீரென்று கடும் நோவுடன் வரும். இரத்த ஓட்டம் தடைப்படுவதால், சுமார் 6 மணி நேரத்துக்குள் சிகிச்சை பெறாவிடில் விரையை இழக்க நேரலாம். விடியட்டும் என்று காத்திருத்தல் பெரும் பிழை.

நான்காவது, விரையிலேயே நோவின்றித் தோன்றும் கெட்டியான கட்டி. இது புற்றாக இருக்கக்கூடும். ஒலியலைப் படத்தாலும் இரத்தப் பரிசோதனையாலும் இதனை ஆராய்வர். ஆரம்பத்திலேயே கண்டால் அநேகமாக முற்றிலும் குணமாகும்.

நீர் சேர்வதற்கு அடிபடுதல், கிருமி முதலிய காரணங்கள் உண்டு. காரணம் புலப்படாததும் உண்டு. யானைக்கால் நோய் பரவிய இடங்களில் அந்நோயின் புழுவே முக்கிய காரணம். மனிதருடைய இரத்தத்தில் அதன் குஞ்சுகளை 1872-இல் கல்கத்தாவில் லூயிஸ் என்னும் வைத்தியர் கண்டார். கொசுவின் உடலில் அவை வளர்வதை 1877-இல் சீன தேசத்தில் மான்ஸன் என்பவர் கண்டறிந்தார். இக்குஞ்சுகள் பெரும்பாலும் இரவில் இரத்தத்தில் மிகுதியாகச் சஞ்சரிப்பதால், இரவு 10 மணிக்கு மேல் இரத்தம் எடுத்துச் சோதிப்பது வழக்கம்.

சிகிச்சையில் ஒன்றை அறிதல் வேண்டும். ஊசியால் நீரை இறைத்தால் அது மீண்டும் சேரும். அசுத்த ஊசியாயின் சீழ் பிடிக்கும். சூடு போடுதல் புண்ணைத் தருமேயன்றி நீரைப் போக்காது. சவ்வை வெட்டியெடுத்தோ புரட்டித் தைத்தோ செய்யும் ரண சிகிச்சையே நிலையான பரிகாரம். விரையை எடுப்பதாகவும் ஆண்மை கெடுவதாகவும் அஞ்சுவோர் உளர். சவ்வுக்கே சிகிச்சை, விரை தன்னிடத்திலேயே இருக்கும். சில வாரங்கள் பாரம் தூக்காதிருந்து, பின் வைத்தியரைக் கேட்டுத் தொழிலுக்குத் திரும்பலாம்.

யானைக்கால் தடுப்பு மாத்திரை இரத்தத்திலுள்ள குஞ்சுகளை அழிக்கும். பெருத்துவிட்ட வீக்கத்தைப் பெரும்பாலும் கரைக்காது. ஆயினும், சுகாதார ஊழியர் வழங்குங்கால், விலக்கப்பட்டோர் தவிர யாவரும் உட்கொண்டாலன்றி நோய் ஊரைவிட்டு அகலாது. இலங்கையில் இந்நோய் பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற நிலையினின்று நீங்கியதென 2016-இல் உலக சுகாதார ஸ்தாபனம் ஏற்றுக்கொண்டது. ஒன்றுபட்ட முயற்சியின் பயன் இது.

இந்நோயைப் பரப்பும் கொசு சாக்கடையிலும் தேங்கிய அழுக்கு நீரிலும் பெருகுவது. ஒருவர் வீட்டுச் சாக்கடையை மட்டும் சுத்தம் செய்தாற் போதாது. தெரு முழுவதும் சேர வேண்டும். கூட்டுறவுக்கு இதனினும் தக்க வேலை யாது? அங்கத்தினர் வாரமொருமுறை கூடிச் சாக்கடையை ஓடவிடுதலும், வீக்கமுற்ற அண்டை வீட்டாரைத் தைரியம் கூறிச் சர்க்கார் ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் செல்லுதலும் கடமையாகும். நோயை மறைப்பதால் வரும் நஷ்டம், அதனைச் சொல்வதால் வரும் நாணத்தினும் பெரிது.