வலிப்பு, குளிசை, கொப்பி

(இணையவழி இலக்கியச் சந்திப்பில் நேரலையாக ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவுஸ்திரேலியாவில் விடியற்காலையில் எழும்பி வந்திருக்கும் நண்பர்களுக்குத் தனியான நன்றி. எனக்கு முன் பேசிய நண்பர் என் நேரத்திலும் கொஞ்சம் எடுத்துக்கொண்டார். இங்கே லண்டனில் இப்போது ஏழே முக்கால். ஆகவே நேராக விசயத்துக்கு வருகிறேன்.

'எழுத்தும் நோயும்' என்ற தலைப்பில் தஸ்தயேவ்ஸ்கியைப் பற்றிப் பேசச் சொல்லியிருந்தார்கள். நான் பேப்பரைப் பார்த்துத்தான் வாசிக்கப் போகிறேன். எனக்கு இருபத்திரண்டு வருசமாக வலிப்பு நோய் இருக்கிறது. அதைவிட அதிகமாக என்னைப் படுத்துவது அதனோடு வந்த மறதி.

தஸ்தயேவ்ஸ்கிக்கும் வலிப்பு இருந்தது எல்லோருக்கும் தெரியும். 'அசடன்' நாவலில் மிஷ்கினுக்கு வலிப்பு வருவதற்கு முந்திய கணத்தில் ஏற்படும் பேரின்பம் பற்றித் தமிழிலும் நிறைய எழுதிவிட்டார்கள். நான் நினைத்துக்கொண்டிருப்பது வேறொரு காட்சி. 1866 ஒக்ரோபர். ஒரு நாவலைக் குறித்த தேதிக்குள் முடித்துக் கொடுக்காவிட்டால் தன் எழுத்துகளின் உரிமையே பதிப்பாளரிடம் போய்விடும் என்ற நெருக்கடி. சுருக்கெழுத்துப் படித்த அன்னா என்ற இருபது வயதுப் பெண் வேலைக்கு வருகிறாள். அவர் பெயரைக் கேட்கிறார், உடனே மறந்துவிடுகிறார், மறுபடியும் கேட்கிறார். தனக்கு வலிப்பு இருப்பதை முதல் சந்திப்பிலேயே சொல்லியும் விடுகிறார். அன்னா தன் நினைவுக் குறிப்புகளில் இதை எழுதியிருக்கிறார். இருபத்தாறு நாளில் 'சூதாடி' முடிந்தது. அடுத்த வருசம் பெப்ரவரியில் இருவருக்கும் கலியாணம்.

அந்தப் பக்கத்தை ரயிலில் வாசித்தபோது புத்தகத்தை மூடி மடியில் வைத்துவிட்டேன். அந்த வாரம்தான் பக்கத்து வீட்டுக்குப் புதிதாக வந்த பெண்ணிடம் மூன்றாவது தடவையாகப் பெயர் கேட்டிருந்தேன். அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

மறதி என்று ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறோம். ஆனால் அது ஒரே சாமான் இல்லை. இதை வைத்தியர்களுக்குப் புரியவைத்தவரும் ஒரு வலிப்பு நோயாளிதான். அமெரிக்காவில் ஹென்றி மொலைசன் என்ற இளைஞருக்கு எந்த மருந்துக்கும் வலிப்பு அடங்கவில்லை. 1953இல், அவருடைய 27வது வயதில், மூளையின் இரண்டு பக்கமும் ஹிப்போகாம்பஸ் என்ற பகுதியில் பெரும் பங்கை வெட்டி எடுத்தார்கள். கடற்குதிரை போல வளைந்திருப்பதால் அந்தப் பெயர். வலிப்பு குறைந்தது. ஆனால் அதன்பின் சந்தித்த ஒருவரையும் அவர் ஞாபகம் வைத்திருக்கவில்லை. மொன்றியலில் இருந்து பிரெண்டா மில்னர் என்ற உளவியலாளர் போய், கண்ணாடியில் மட்டும் பார்த்துக்கொண்டு நட்சத்திரம் ஒன்றைப் பென்சிலால் வரையச் சொன்னார். ஒவ்வொரு நாளும் ஹென்றி முந்திய நாளைவிட நன்றாக வரைந்தார். ஒவ்வொரு நாளும், இதை நான் முன்னர் செய்ததே இல்லை என்றார். கை பழகியிருந்தது; பழகியது அவருக்குத் தெரியாது. 2008இல் இறக்கும் வரை அவர் மருத்துவ உலகுக்கு வெறும் 'எச்.எம்.' தான்.

என் நிலைமை அவருடையதில் ஒரு துளி. ஆனால் அந்தக் கதையை அறிந்த பிறகுதான் என் சமையலறை எனக்கு விளங்கியது. ஒடியற்கூழ் காய்ச்ச எனக்கு ஒருவரும் சொல்லித்தரத் தேவையில்லை, கை தானாகச் செய்யும். உப்புப் போட்டேனா என்பது மட்டும் தெரியாது.

என் வலிப்பு விழுந்து துடிக்கிற வகை இல்லை. இடது பொட்டுக்கு உள்ளே, பேச்சோடும் சொற்களோடும் சம்பந்தப்பட்ட பகுதியில் தொடங்குகிறது. ஒன்றிரண்டு நிமிசம் வெறித்துப் பார்ப்பேன், வாயைச் சப்புவேன், சட்டை நுனியைப் பிசைவேன். ஆரம்பத்தில் வீட்டில் 'யோசினை' என்றுதான் நினைத்தார்கள். அந்த நிமிசங்கள் எனக்குள் பதியாது. அதன்பின் ஒரு மணித்தியாலம் புகைமூட்டம். வலிப்பு வராத நேரத்திலும் மூளைக்குள் சின்னச் சின்ன மின்பொறிகள் தெறித்துக்கொண்டிருக்கும். நடந்ததைப் பதிந்துவைக்கும் வேலையை அவையும் குழப்பும். பகலில் நடந்தது நித்திரையில்தான் மூளையில் படிகிறது என்பார்கள். நித்திரையிலேயே வலிப்பு வந்தால் அதுவும் போச்சு.

இனி குளிசை. எனக்கு முதலில் தந்தது டொபிராமேட். பலருக்கு நன்றாகவே பொருந்துகிற மருந்து. ஆனால் சொற்கள் வாயில் வராமல் போவது அதன் அறியப்பட்ட பக்கவிளைவு. எனக்கு அது வந்தது. அம்மாவோடு தொலைபேசியில் கதைக்கும்போது வேப்பம்பூ வடகம் என்ற சொல் வரவில்லை. "அந்தக் கசப்புப் பூ அம்மா, உருட்டி வெயிலில காய வைக்கிறது" என்றேன். அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. "உனக்குத் தமிழ் மறந்துபோச்சோ பிள்ளை" என்றா. எழுத வேண்டும் என்று ஆசைப்படுகிறவளுக்கு இதைவிடப் பெரிய அடி கிடையாது.

அப்போது நான் செய்தது முட்டாள்தனம். ஒரு நூல் வெளியீட்டில் பேச வேண்டியிருந்தது. ஒருவருக்கும் சொல்லாமல் குளிசையைப் பாதியாக்கினேன். நாலாம் நாள் சொற்கள் தெளிவாக வருவது போல இருந்தது. பயத்தில் நானே நினைத்துக்கொண்டதாகவும் இருக்கலாம். ஆறாம் நாள் அடுப்படியில் விழுந்தேன். அதுவரை எனக்கு வராத, உடம்பு முழுக்கத் துடிக்கிற வலிப்பு. மகள்தான் கண்டது. அவளுக்கு அப்போது பதினொரு வயது. இந்த நாட்டில் வலிப்பு வந்தால் பொதுவாக ஒரு வருசம் கார் ஓட முடியாது. சாரதி அனுமதிப்பத்திரத்தைத் திருப்பி அனுப்பினேன். அந்த வருசம் முழுக்க அவர்தான் இரவு வேலை முடித்து வந்து, நித்திரை கொள்ளாமல் என்னை வேலைக்கு ஏற்றி இறக்கினார். குளிசையைத் திடீரென்று குறைத்தால் வலிப்பு நிற்காமல் தொடர்ந்து உயிரே போகலாம் என்று வலிப்பு நோய்த் தாதி பிறகு விளங்கப்படுத்தினா. "சொற்கள் வரவில்லை என்று எனக்குச் சொல்லியிருக்கலாமே, மாற்று மருந்து இருக்கிறதே" என்றா. எனக்கு அது கேட்கலாமான கேள்வி என்றே தோன்றியிருக்கவில்லை. மாதக்கணக்கில், படிப்படியாக வேறு குளிசைக்கு மாற்றினார்கள். சொற்களில் பெரும்பாலானவை திரும்பி வந்தன.

திரும்பி வராதவையும் உண்டு. 2014இல் குடும்பமாக யாழ்ப்பாணம் போயிருந்தோம். அப்பாவோடு கடைசியாக இருந்த மூன்று கிழமை. அடுத்த வருசம் அப்பா இல்லை. அந்தப் பயணம் எனக்கு ஞாபகம் இல்லை. படங்கள் இருக்கின்றன: நல்லூர் வீதியில் அப்பா, பக்கத்தில் நான், சிரிக்கிறேன். யாரோ ஒருத்தியின் படம் போல இருக்கிறது.

ஆஸ்பத்திரியில் ஞாபகசக்திப் பரிசோதனை வைத்தார்கள். சொற்களின் பட்டியல் ஒன்றை வாசித்து, அரை மணித்தியாலம் கழித்துத் திரும்பக் கேட்டார்கள். நன்றாகவே சொன்னேன். "பயப்பட ஒன்றும் இல்லை" என்றார்கள். வெளியே வந்து கார் நிறுத்துமிடத்தில் இருந்து அழுதேன். பொய் சொல்கிறேன் என்று நினைக்கிறார்களோ என்று. பல வருசம் கழித்து வேறொரு வைத்தியர்தான் இப்படி ஒன்று இருக்கிறது என்றார்: அரை மணித்தியாலம் நிற்கிற ஞாபகம் சில கிழமைகளில், மற்றவர்களைவிட வேகமாக, அழிந்துபோகும். வழமையான பரிசோதனை அதைப் பிடிக்காது. அதற்கு ஒரு பெயர் இருக்கிறது என்று கேட்டதே எனக்குப் பாதி வைத்தியம்.

அந்தப் பயணத்தைப் பற்றி அவரிடம் அடிக்கடி கேட்பேன். நல்லூரில் அப்பா எனக்குக் கச்சான் வாங்கித் தந்தார் என்று ஒருநாள் சொன்னார். இன்னொரு நாள், நான்தான் அப்பாவுக்கு வாங்கிக் கொடுத்தேன் என்றார். "என்னப்பா, எது சரி?" என்றேன். "ரெண்டும் நடந்திருக்கும், விடு" என்றார். அன்றைக்குத்தான் கொப்பி வாங்கினேன். அவருடைய ஞாபகமும் தேய்கிறது, அவருக்கு வலிப்பு இல்லாமலே. கொப்பியின் முதல் பக்கத்தில் இரண்டு கச்சான் கதைகளையும் எழுதி வைத்தேன்.

கொப்பி ஒன்றே ஒன்றுதான் இருக்க வேண்டும். மூன்று வைத்திருந்தபோது எந்தக் கொப்பியில் எழுதினேன் என்பதை மறந்தேன். தேதி, வந்தவர் போனவர், என்ன கதைத்தோம், வலிப்பு வந்ததா. தஸ்தயேவ்ஸ்கியும் தனக்கு வலிப்பு வந்த நாட்களைக் குறித்து வைத்திருக்கிறார். அந்தக் குறிப்பைக் கொண்டு போனால் வைத்தியரின் பத்து நிமிசமும் உருப்படியாகப் போகும்.

குளிசைக்குக் கிழமை நாட்கள் எழுதிய பெட்டி. போட்டேனா என்று ஞாபகத்தைக் கேட்கக் கூடாது. தினமும் ஒரே மாதிரிச் செய்கிற காரியத்தில் நேற்றும் இன்றும் ஒன்றாகிவிடும். ஒருதரம் அப்படி இரண்டு முறை போட்டுவிட்டு நாள் முழுக்கத் தள்ளாடினேன். பெட்டியின் அறை வெறுமையாக இருந்தால் போட்டாயிற்று. வீட்டுச் சாவிக்கு ஒரே ஆணி. நாவல் வாசித்தால் முன் அட்டையின் உட்பக்கத்தில் பாத்திரங்களின் பெயரும் உறவும். ரஷ்ய நாவல்களுக்கு இது ஞாபகம் உள்ளவர்களுக்கும் உதவும். மூளைக்குப் பயிற்சி என்று தொலைபேசியில் விளையாட்டுகள் விளையாடிப் பார்த்தேன். அந்த விளையாட்டில் மட்டும் கெட்டிக்காரியானேன்.

எல்லாவற்றிலும் கடினமானது சொல்லுவது. ஊரில் 'காக்காய் வலிப்பு' என்பார்கள். கால் கை வலிப்பு என்பதுதான் அப்படித் திரிந்தது என்பார்கள். கலியாணம் குழம்பும் என்று மறைப்பார்கள், கையில் இரும்புத் திறப்பைத் திணிப்பார்கள். இரும்பு ஒன்றும் செய்யாது. யாருக்காவது வந்தால் பக்கத்தில் இருக்கும் கூரான சாமான்களை அகற்றுங்கள், துடிப்பு நின்றதும் ஒரு பக்கமாகச் சரித்துப் படுக்க வையுங்கள், வாயில் ஒன்றும் வைக்காதீர்கள், ஐந்து நிமிசத்தைத் தாண்டினால் அம்புலன்சைக் கூப்பிடுங்கள். மறதிக்கு இரும்பு கொடுக்கவும் ஒருவரும் இல்லை. 'அவவுக்குப் பெருமை, கண்டாலும் கதைக்க மாட்டா' என்று சங்கக் கூட்டங்களில் என்னைப் பற்றிப் பேச்சு இருந்தது. கண்டது ஞாபகம் இல்லை என்பதைவிடப் பெருமைக்காரி என்ற பெயர் பரவாயில்லை என்று பல வருசம் விட்டிருந்தேன்.

இப்போது முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பக்கத்து வீட்டுப் பெண்ணிடமும் சொன்னேன். அவள் இப்போது கதவைத் தட்டும்போதே தன் பெயரைச் சொல்லிக்கொண்டுதான் வருகிறாள். மகள், "அம்மா, இதை நீங்கள் நேற்றும் கேட்டனீங்கள்" என்று சொல்வதை நிறுத்தவில்லை. ஆனால் சொல்லிவிட்டு மறுமொழியையும் சொல்கிறாள்.

மன்னிக்க வேண்டும், உங்களுக்கும் இந்த மணிச்சத்தம் கேட்டிருக்கும். எட்டு மணி. இரண்டு நிமிசம் தாருங்கள், குளிசையைப் போட்டுக்கொண்டு வருகிறேன். அதற்குள் கேள்வி கேட்க இருப்பவர்கள் கையை உயர்த்துங்கள். கேட்கும்போது தயவுசெய்து உங்கள் பெயரையும் சொல்லுங்கள், போன கூட்டத்தில் சொல்லியிருந்தாலும்.