ஒரு கம்பியும் ஒரு மரமும்

2004 மார்கழி 26 அன்று ஆழிப்பேரலை முல்லைத்தீவுக் கரையை அள்ளிச் சென்றபோது, உறவுகள் உயிரோடு உள்ளனரா என்று அறிய வழியின்றித் தவித்ததை நாம் மறக்கமாட்டோம். அன்று அந்தமானிலும் தொலைபேசித் தொடர்புகள் துண்டிக்கப்பட்டன. ஹாம் வானொலியுடன் போட் பிளேயர் சென்றிருந்த டில்லிப் பெண் பாரதி பிரசாத், அங்கிருந்தோரின் நலச் செய்திகளை இந்தியப் பெருநிலத்துக்கு அனுப்பினார்.

ஹாம் வானொலிக்குக் கைபேசிக் கோபுரம் வேண்டியதில்லை. வானொலிக் கருவி, கார் பற்றரி, கம்பி அன்ரனா போதும்.

பகலில் நாட்டுக்குள் பேச 7 மெகாஹேர்ட்ஸ் அலைவரிசை ஏற்றது. கம்பியின் நீளத்தைக் கணக்கிடுவது எளிது. 143ஐ மெகாஹேர்ட்ஸ் அளவால் வகுத்தால் மொத்த நீளம் மீற்றரில் கிடைக்கும். 7.1க்கு ஏறத்தாழ 20 மீற்றர். நடுவில் வெட்டினால் பத்துப் பத்து மீற்றரில் இரு துண்டுகள். கருவியிலிருந்து வரும் கேபிளின் நடுக்கம்பியை ஒன்றிலும், வெளிப்பின்னலை மற்றதிலும் இணைக்கவேண்டும். சற்று நீளமாக வெட்டி, அளவுமானி பார்த்துக் குறைப்பது நல்லது.

இணைப்பைப் பிளாஸ்ரிக் துண்டில் கட்டி மரத்தில் உயர்த்துங்கள். இரு முனைகளையும் நைலோன் கயிற்றால், குடிசைக் கூரைபோலச் சரித்துக் கட்டுங்கள். பேசும்போது முனைகளைத் தொட்டால் சுடும். எனவே அவை கைக்கு எட்டக்கூடாது. மின்கம்பிகளுக்கு அருகில் கட்டவே வேண்டாம். இடி மின்னலுக்கு முன்பே கேபிளைக் கழற்றிவிடுங்கள்.

ஒலிபரப்புவதற்குத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் அனுமதிப்பத்திரம் கட்டாயம். அதற்கான பரீட்சைக்குப் பெண்களும் தோற்றலாம்.

2018 மார்கழியில் கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளத்தில் மூழ்கின. இனியொரு இடர் வந்தால், எம் ஊரின் செய்தியைச் சொல்லும் குரல் ஒரு பெண்ணின் குரலாக இருக்கட்டும்.