சிவப்புக்கு மேல் சாம்பல்: லாஸ் வேகஸ் அருகே ஒரு பாலைவனப் பள்ளத்தாக்கு

மாணவர்களே, லாஸ் வேகஸ் என்றதும் உங்களுக்கு என்ன நினைவுக்கு வருகிறது? கண்ணைப் பறிக்கும் மின்விளக்குகள், உயரமான தங்கும் விடுதிகள், திரைப்படங்களில் பார்த்த தெருக்கள். அந்தத் தெருக்களை விட்டு மேற்கே ஏறத்தாழ 27 கிலோமீட்டர் காரில் போனால், செந்நிறப் பாறைச் சுவர் ஒன்று வழியை மறித்தாற்போல் எழுந்து நிற்கும். அதன் பெயர் ரெட் ராக் கேன்யன். அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில், மொஹாவி பாலைவனத்தின் ஓரத்தில் இருக்கிறது. காலையில் நகரத்திலிருந்து புறப்பட்டால் மாலைக்குள் திரும்பிவிடலாம்.

உள்ளே 21 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒருவழிப் பாதை ஒன்று உண்டு. ஆங்காங்கே காரை நிறுத்தி இறங்கிப் பார்க்கலாம். சிறிது தூரம் நடக்கலாம். அக்டோபர் முதல் மே வரை கூட்டம் அதிகம் என்பதால், கார் நுழையும் நேரத்தை முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும். பயணக் குறிப்பு இவ்வளவுதான். இனி அறிவியலுக்கு வருவோம். இந்த இடத்தைப் பார்க்கும்போது இரண்டு கேள்விகள் எழ வேண்டும். மலையின் உச்சியில் இருக்கும் பாறை, அடியில் இருக்கும் பாறையைவிட வயதில் மூத்தது, அது எப்படி? நகரத்திலிருந்து அரை மணி நேரப் பயணத்தில் இருக்கும் இந்த இடம், கவனமில்லாதவரின் உயிருக்கே ஆபத்தாக முடியலாம், அது ஏன்?

முதலில் அந்தச் சிவப்புப் பாறை. அது மணற்கல். ஏறத்தாழ 180 மில்லியன் ஆண்டுகளுக்கு முன், டைனோசர்கள் நடமாடிய ஜுராசிக் காலத்தில், இந்த வட்டாரம் முழுவதும் மணல் மேடுகள் நிறைந்த பெரும் பாலைவனமாக இருந்தது. அண்டை மாநிலமான யூட்டாவில் சயன் தேசியப் பூங்காவின் உயரமான பாறைச் சுவர்களும் அதே மணல் கடலின் மிச்சம்தான். மணல் மேல் மணல் குவிந்து, அடியில் இருந்தது அழுந்தி, நிலத்தடி நீர் கொண்டுவந்த கனிமங்கள் மணல் துகள்களை ஒன்றோடொன்று ஒட்ட வைத்து, மேடுகள் அப்படியே கல்லாகிவிட்டன.

மேடுகள் கல்லாயின என்பதற்கு என்ன சாட்சி? பாறையின் பக்கவாட்டைப் பார்த்தாலே தெரியும். அடுக்குகள் கிடைமட்டமாக இல்லாமல் சாய்ந்த கோடுகளாக ஓடும். வீட்டில் இதைச் செய்து பாருங்கள். ஒரு தட்டில் சீனியை ஒரே இடத்தில் மெல்லக் கொட்டுங்கள். குவியல் உயரும், ஒரு கட்டத்தில் பக்கவாட்டில் சரியும், மீண்டும் உயரும், மீண்டும் சரியும். சரிவின் கோணம் ஒரு வரம்பைத் தாண்டுவதே இல்லை. உலர்ந்த மணலுக்கு அந்த வரம்பு ஏறத்தாழ 34 பாகை. காற்று மணலை மேட்டின் ஒரு பக்கம் மெல்ல ஏற்றி, மறுபக்கம் சரியவிடுகிறது. ஒவ்வொரு சரிவும் ஒரு சாய்ந்த அடுக்கு. எந்தத் திசையில் சாய்கிறதோ, அந்தத் திசையை நோக்கிக் காற்று வீசியிருக்கிறது. அதாவது, ஜுராசிக் காலத்தில் அங்கே வீசிய காற்றின் திசையைப் பாறையைப் பார்த்தே சொல்லிவிடலாம்! அந்த மணலில் நடந்த டைனோசர்களின் காலடித் தடங்களும் இந்த மணற்கல்லில் கிடைத்திருக்கின்றன.

சிவப்பு நிறத்துக்குக் காரணம் நமக்குப் பழக்கமான துருதான். மணல் துகள்களின் மேல் இரும்பு ஆக்சைடு மெல்லிய பூச்சாகப் படிந்திருக்கிறது. சில இடங்களில் பாறை வெளிர் மஞ்சளாகவோ வெள்ளையாகவோ இருக்கும். பாறைக்குள் ஊடுருவிய நீர் அங்கிருந்த இரும்பைக் கரைத்துக் கொண்டுபோனதன் அடையாளம் அது.

இப்போது மலையின் மேற்பகுதியைப் பாருங்கள். சிவப்பு முடிந்து சாம்பல் நிறப் பாறை தொடங்கும். எல்லைக் கோடு பளிச்சென்று தெரியும். அந்தச் சாம்பல் பாறை சுண்ணாம்புக்கல் வகையைச் சேர்ந்தது. ஆழமற்ற வெதுவெதுப்பான கடலின் அடியில் உருவானது. வயது ஏறத்தாழ 500 மில்லியன் ஆண்டுகள்.

கணக்கு இடிக்கிறதா? இடிக்க வேண்டும். படிவுப் பாறைகளில் கீழே இருப்பது மூத்தது, மேலே இருப்பது இளையது என்ற விதியை 1669ஆம் ஆண்டிலேயே நிக்கோலஸ் ஸ்டெனோ என்ற அறிஞர் எழுதிவைத்தார். வீட்டில் பழைய நாளிதழ்களை அடுக்கி வைக்கும்போது போன மாதத்து இதழ் அடியிலும் இன்றைய இதழ் மேலேயும் இருப்பது போலத்தான். இங்கேயோ 500 மில்லியன் ஆண்டுப் பாறை 180 மில்லியன் ஆண்டுப் பாறையின் தலைமேல் உட்கார்ந்திருக்கிறது. விதி தவறா?

விதி தவறில்லை. அடுக்கியபின் யாரோ அடுக்கைக் கலைத்திருக்கிறார்கள். அந்த ‘யாரோ’ புவித்தட்டுகள்தாம். அக்காலத்தில் பசிபிக் பக்கமிருந்த ஃபாரலோன் என்ற கடல்தட்டு வட அமெரிக்கத் தட்டின் அடியில் புகுந்துகொண்டிருந்தது. அந்த அழுத்தம் கண்டத்தின் உள்பகுதி வரை எட்டியது. உங்கள் மேசையில் சில நோட்டுப் புத்தகங்களை இரண்டு அடுக்குகளாகப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இரண்டு பக்கமும் கையால் நெருக்குங்கள். ஓர் அடுக்கின் புத்தகங்கள் மற்றதன் மேல் வழுக்கி ஏறும். அதேபோல், டைனோசர் காலத்தின் பிற்பகுதியில், நிலம் நெருக்கப்பட்டு உடைந்து, ஆழத்தில் கிடந்த பழைய சுண்ணாம்புக்கல் பெரும் பலகையைப்போல் கிழக்கு நோக்கி நகர்ந்து இளைய மணற்கல்லின் மேல் ஏறிவிட்டது. இதற்குக் கீஸ்டோன் உந்துப் பிளவு என்று பெயர். உந்துப் பிளவுகள் உலகில் பல இடங்களில் உண்டு. ஆனால் பெரும்பாலும் காடும் மண்ணும் மூடிக்கிடக்கும். இங்கே செடிகொடி குறைவு; இரண்டு பாறைக்கும் நிறமும் வேறு. எல்லையைக் காரில் இருந்தபடியே விரலால் காட்டலாம். புவியியல் படிக்கும் மாணவர்களுக்கு இதைவிடத் தெளிவான பாடப்புத்தகப் பக்கம் கிடைப்பது அரிது என்பது என் எண்ணம்.

இங்கே ஒரு சின்ன ஒப்பீடு. நம் பத்துமலையும் கடலடியில் உருவான சுண்ணாம்புக்கல்தான். ஆனால் பத்துமலை குகைகளால் துளைபட்டு நிற்கிறது. காரணம் மழை. மழைநீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு மென்மையான அமிலமாகிறது. சுண்ணாம்புக்கல்லை மெல்ல அரிக்கிறது. லாஸ் வேகஸில் ஓர் ஆண்டு முழுவதும் பெய்யும் மழை ஏறத்தாழ 100 மில்லிமீட்டர்தான். நம் ஊரில் ஒரே நாள் அடைமழை சில சமயம் அதைத் தாண்டிவிடும். மழை இல்லாத ஊரில் சுண்ணாம்புக்கல் உறுதியான பாறையாக உச்சியில் நிற்கிறது. கல் ஒரே வகை; வானிலை வேறு.

இரண்டாவது கேள்விக்கு வருவோம். 2024ஆம் ஆண்டு ஜூலை 7ஆம் தேதி லாஸ் வேகஸில் வெப்பநிலை 48.9 பாகை செல்சியஸைத் தொட்டது. அதுவரை அங்கே பதிவான வெப்பநிலைகளில் அதுவே உச்சம். பள்ளத்தாக்கு நகரத்தைவிட உயரத்தில் இருப்பதால் சில பாகை குறைவாக இருக்கும். ஆனாலும் கோடையில் 40 பாகை அங்கே சாதாரணம்.

நம் தோலின் வெப்பநிலை ஏறத்தாழ 35 பாகை. காற்று அதைவிடக் குளிர்ச்சியாக இருந்தால் உடலின் வெப்பம் காற்றுக்குப் போகும். காற்று அதைவிடச் சூடாக இருந்தால்? வெப்பம் காற்றிலிருந்து உடலுக்கு வரும்! அப்போது உடலுக்கு இருக்கும் ஒரே வழி வியர்வை ஆவியாவது. பள்ளியில் நீங்கள் மலாயில் ஹாபா பெண்டாம் என்று படிப்பதுதான் தமிழில் உள்ளுறை வெப்பம். ஒரு லிட்டர் வியர்வை தோலிலிருந்து ஆவியாகும்போது ஏறத்தாழ 2.4 மில்லியன் ஜூல் வெப்பத்தை எடுத்துச் செல்கிறது. 30 பாகையில் இருக்கும் 8 லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர ஏறத்தாழ அவ்வளவு வெப்பம் தேவை. கணக்குப் போட்டுச் சரிபாருங்கள்: 8 × 4,200 × 70.

பாலைவனக் காற்று உலர்ந்திருப்பதால் வியர்வை உடனே ஆவியாகிறது. உடலைக் குளிர்விக்க அது நல்லது. ஆபத்தும் அங்கேதான் இருக்கிறது. நம் ஊரில் திடலில் ஓடினால் சட்டை நனைந்து ஒட்டிக்கொள்ளும், வியர்ப்பது தெரியும். அங்கே தோல் உலர்ந்தே இருக்கும். மணிக்கு ஒரு லிட்டர் போய்க்கொண்டிருந்தாலும், ‘நான் வியர்க்கவே இல்லையே’ என்று தோன்றும். தாகம் எடுக்கும்போது உடல் ஏற்கெனவே நீரை இழந்திருக்கும். அதனால்தான் அங்கே நடப்பவர்கள் ஆளுக்கு ஏறத்தாழ 4 லிட்டர் தண்ணீர் எடுத்துச் செல்கிறார்கள். தண்ணீரை மட்டும் குடித்துக்கொண்டே இருப்பதும் போதாது. வியர்வையோடு உப்பும் போகிறது. ஆகவே உப்புள்ள தின்பண்டமும் வேண்டும்.

இது நம் பள்ளி விளையாட்டுப் போட்டி நாளுக்கும் பொருந்தும். எனவே நினைவில் வையுங்கள். தலைவலி, தலைசுற்றல், குமட்டல் வந்தால் நிழலுக்குப் போய் ஓய்வெடுத்துத் தண்ணீர் குடிக்க வேண்டும். பேச்சு குழறினாலோ, எங்கே இருக்கிறோம் என்பதே குழம்பினாலோ அது வெப்பவாதம். மூளை பாதிக்கப்படுகிறது. உடனே அவசர உதவிக்கு அழைத்து, உடலை நீரால் நனைத்து விசிறிக் குளிர்விக்க வேண்டும். அந்த நிலையில் உள்ளவரைக் குடிக்கும்படி வற்புறுத்தக் கூடாது, புரையேறிவிடும்.

வெப்பம் மட்டுமல்ல, தண்ணீரும் அங்கே ஆபத்துதான். மழையே இல்லாத ஊரில் வெள்ளமா என்று கேட்கலாம். நம் நீர்வீழ்ச்சிகளில் ஏற்படும் கெப்பாலா ஆயர் உங்களுக்குத் தெரியும். மேலே மலையில் மழை, கீழே குளித்துக்கொண்டிருப்பவர்களின் தலைக்கு மேல் வெயில், திடீரென்று பெருக்கு. பாலைவனத்தில் அது இன்னும் வேகமாக வரும். நீரை உறிஞ்சக் காட்டு மண் இல்லை. வெறும் பாறை, மண் இருக்கும் இடத்திலும் கால்சியம் கார்பனேட் இறுகிச் சிமெண்டுபோல் கெட்டியான அடுக்கு. பெய்த மழை அப்படியே வழிந்து குறுகிய பள்ளத்தாக்குக்குள் இறங்கும். ஓடும் நீர் 30 சென்டிமீட்டர் உயரம் இருந்தாலே சிறிய காரை அடித்துச் செல்லும். நீரின் வேகம் இரு மடங்கானால் அது தள்ளும் விசை நான்கு மடங்காகும். ஜூலை முதல் செப்டம்பர் வரை பிற்பகல் இடிமழைக் காலம். அப்போது வானிலை அறிக்கையைப் பார்க்காமல் பள்ளத்தாக்குக்குள் இறங்குவது புத்திசாலித்தனம் அல்ல.

மழை நின்று வெயில் வந்த பிறகும் பாறையேறுபவர்கள் இங்கே ஏற மாட்டார்கள். ஓரிரு நாள், சில சமயம் மூன்று நாள்கூடக் காத்திருப்பார்கள். காரணம் அந்த மணற்கல்தான். துகள்களை ஒட்டிவைத்திருக்கும் பொருள் ஈரத்தில் வலுவிழக்கிறது. மேற்பரப்பு காய்ந்ததுபோல் தெரிந்தாலும் உள்ளே ஈரம் இருக்கும். பிடித்த கல் கையோடு வந்துவிடும். சீனிக் கட்டி ஒன்றில் இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டு அழுத்திப் பாருங்கள், புரியும்.

இத்தனை கடுமையான இடத்திலும் உயிர்கள் வாழ்கின்றன. பாலைவன ஆமை தன் வாழ்நாளின் பெரும்பகுதியை மண்ணுக்குள் வளையில் கழிக்கிறது. மழை பெய்யும்போது வயிறாரக் குடித்து, அந்த நீரைச் சிறுநீர்ப்பையில் மாதக்கணக்கில் சேமித்து வைக்கிறது. தேவைப்படும்போது அங்கிருந்தே உடல் நீரை எடுத்துக்கொள்கிறது. யாராவது ஆசையாகத் தூக்கினால் பயந்து அதை வெளியேற்றிவிடும். கோடையில் அப்படிச் சேமிப்பை இழந்த ஆமை இறந்துபோகவும் கூடும். ஆகவே அதைத் தூரத்திலிருந்து மட்டும் பார்க்க வேண்டும்.

அந்த வட்டாரத்தில் மொஹாவி மேக்ஸ் என்று பெயரிடப்பட்ட ஆமை ஒன்று உண்டு. குளிர்காலம் முழுவதும் வளைக்குள் உறங்கும். அது எந்த நாள், எத்தனை மணி, எத்தனை நிமிடத்துக்கு வெளியே வரும் என்று ஊகிக்கும் போட்டி அந்த வட்டாரப் பள்ளி மாணவர்களுக்கு நடத்தப்படுகிறது. போட்டியில் நீங்கள் இருந்தால் எந்தத் தகவலைச் சேகரிப்பீர்கள்? காற்றின் வெப்பநிலையா, மண்ணின் வெப்பநிலையா, பகலின் நீளமா? ஊர்வனவற்றின் உடல் வெப்பநிலை எதைச் சார்ந்தது என்பதை வைத்து யோசித்து, உங்கள் அறிவியல் ஆசிரியரோடு பேசிப் பாருங்கள்.