தொட்டியில் கிடத்தப்பட்ட குழந்தை

நற்செய்தி நூல்கள் நான்கு. அவற்றில் இரண்டு, இயேசுவின் பிறப்புக் கதையைச் சொல்வதே இல்லை. மாற்கு, வளர்ந்து ஆளான இயேசு யோர்தான் ஆற்றில் திருமுழுக்குப் பெறும் காலத்திலிருந்து தொடங்குகிறார். யோவான், உலகம் உண்டாவதற்கும் முன்னே போய் நின்றுகொண்டு, கடவுளின் வாக்கு மனித உடல் எடுத்ததென்று சுருக்கமாகச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார். பெத்லகேமைக் காட்டுபவர்கள் மத்தேயுவும் லூக்காவும்தான். அவர்களும் தேதி சொல்லவில்லை. ஆதித் திருச்சபைக்குப் பெருவிழா என்றால் உயிர்த்தெழுதல் விழாதான். டிசம்பர் 25-ஐக் கிறிஸ்து பிறந்த நாளாகக் குறிக்கும் பழைய சான்று ரோமில் 354-இல் தொகுக்கப்பட்ட நாட்காட்டி ஒன்றில் இருக்கிறது. அதிலுள்ள பட்டியல் 336-ஆம் ஆண்டைச் சேர்ந்தது என்பது அறிஞர்கள் கணிப்பு. அப்படியானால், மார்கழிப் பனியில் நள்ளிரவுத் திருப்பலிக்கோ விடியற்கால ஆராதனைக்கோ பிள்ளைகளை எழுப்பிக் கூட்டிக்கொண்டு கிளம்பும் உடுமலைப்பேட்டை விசுவாசி எதைக் கொண்டாடுகிறார்?

ஒரு மகானின் பிறந்தநாளை அல்ல. கடவுள் மனிதரானார், அதுவும் மனிதருள் கடைசி இடத்தில் இருப்பவரானார் என்ற நம்பிக்கையைக் கொண்டாடுகிறார். விழா நான்காம் நூற்றாண்டில் வேரூன்றியதற்கும் இந்த நம்பிக்கைக்கும் தொடர்பு இருப்பதாகவே எனக்குப் படுகிறது. இயேசு கடவுளால் படைக்கப்பட்ட உயர்ந்த உயிர் மட்டுமே என்று ஆரியுஸ் என்ற குரு போதித்து, பெரும் பிளவு உண்டானது. 325-இல் நிசேயாவில் கூடிய ஆயர்கள், இயேசு தந்தையோடு ஒரே இயல்பு உடையவர் என்று அறுதியிட்டார்கள். மறுபுறம், அவர் உடல் வெறும் தோற்றம், அவருக்குப் பசியும் வலியும் கிடையாது என்று சொன்னவர்களையும் திருச்சபை ஏற்கவில்லை. அவர் முழுக் கடவுள், முழு மனிதர் என்று 451-இல் கல்செதோன் சங்கம் வரையறுத்தது. இந்த இரண்டில் எதை விட்டாலும் கிறிஸ்துமஸ் வெறும் கதையாகிவிடும். கடவுள் இல்லையென்றால் அது இன்னொரு நல்லவரின் பிறப்பு. மனிதர் இல்லையென்றால் அது ஒரு நாடகம்.

பண்டிகையே வேண்டாம் என்பவர்கள் கிறிஸ்தவர்களுக்குள்ளேயே உண்டு. டிசம்பர் 25 ரோமானியச் சூரிய வழிபாட்டு நாள் என்றும், வேதத்தில் இல்லாததை ஏன் கொண்டாட வேண்டும் என்றும் கேட்கும் பெந்தெகொஸ்தே சபைகள் தமிழகத்தில் இருக்கின்றன. பதினேழாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் பியூரிட்டன்கள் சட்டம் போட்டே இந்த விழாவைத் தடுத்தார்கள். சூரிய வழிபாட்டிலிருந்து தேதி வந்ததா, மார்ச் 25-இல் கருவுற்றதாகக் கொண்டு ஒன்பது மாதம் எண்ணியதால் வந்ததா என்ற விவாதம் இன்னும் தீரவில்லை. ஆர்மீனியத் திருச்சபை ஜனவரி 6-ஆம் தேதியில்தான் கொண்டாடுகிறது. தேதி தவறாகவே இருந்தாலும் விசுவாசிக்கு எதுவும் குறைந்துவிடாது. அவர் நம்புவது நாளை அல்ல, நடந்ததை.

நடந்தது எங்கே என்பதுதான் முக்கியம். லூக்கா சொல்வதைக் கேளுங்கள்: தங்க இடமில்லை, குழந்தையைத் துணியில் சுற்றி, மாடு தின்னும் தீவனத் தொட்டியில் கிடத்தினார்கள். செய்தி முதலில் போனது அரண்மனைக்கல்ல, இரவில் ஆட்டுக்குக் காவல் கிடந்த இடையர்களுக்கு. கட்டுத்தரையையும், காட்டில் பட்டி போட்டு ராத்திரி காவல் படுத்திருப்பவரையும் அறிந்த கொங்கு நாட்டாருக்கு இந்தக் காட்சிக்கு விளக்கவுரை தேவையில்லை. 1223-இல் இத்தாலியின் கிரேச்சியோவில் புனித பிரான்சிஸ் அசல் வைக்கோலும் மாடும் கழுதையும் வைத்து விழா எடுத்ததிலிருந்து வளர்ந்த வழக்கமே நம் வீடுகளில் வைக்கும் குடில். தமிழில் வீரமாமுனிவர் 1726-இல் தேம்பாவணியை முடித்தபோது, 3615 பாடல்கள் கொண்ட அந்தக் காப்பியத்துக்குத் தலைவராக நிறுத்தியது இயேசுவை வளர்த்த தச்சர் யோசேப்பை. அவர் தாவீது அரசனின் வழிவந்தவரென்றாலும் உளி பிடித்துப் பிழைத்தவர். தன்னிகரில்லாத் தலைவன் வேண்டும் என்று இலக்கணம் கேட்கும் பெருங்காப்பியத்தில் ஒரு கைத்தொழிலாளி! பெத்லகேம் கற்றுக்கொடுத்த துணிச்சல் அது.

இங்கே ஓர் இந்து நண்பர் நியாயமாகவே குறுக்கிடலாம். எங்கள் கடவுளும் மனிதராக வந்தவர்தானே? வந்திக் கிழவிக்காகக் கூலியாளாகி, பிட்டுக்கு மண் சுமந்து, பாண்டியனிடம் பிரம்படி வாங்கி, அந்த அடியை எல்லா உயிர் மேலும் விழச் செய்தவர் சிவபெருமான் அல்லவா? திருவிளையாடலின் அந்தக் கதை எவ்வளவு உயர்ந்தது என்பதை மறுக்க ஒன்றுமில்லை. உழைப்பவன் முதுகில் விழும் அடி இறைவன் மேல் விழும் அடி என்று அது சொல்கிறது. ஆனால் கிறிஸ்தவ நம்பிக்கை வேறொரு திசையில் போகிறது. திருவிளையாடலில் இறைவன் தன்னைக் காட்டிவிட்டு மறைகிறார். பெத்லகேம் குழந்தையோ மறையவில்லை. பால் குடித்து, ஏரோது அரசனின் வாளுக்குத் தப்பி எகிப்துக்குத் தூக்கிச் செல்லப்பட்டு, பெயர் தெரியாத நாசரேத்தில் தச்சராக வளர்ந்து, சிலுவையில் உண்மையாகவே சாகிறார். உயிர்த்தெழுந்த பின்னும் ஆணித் தழும்புள்ள அதே உடலோடு இருக்கிறார் என்பது திருச்சபையின் நம்பிக்கை. எடுத்த உடலைக் கடவுள் கழற்றி வைக்கவே இல்லை. ஆகவே கிறிஸ்தவருக்கு எந்த மனித உடலும் இழிந்ததல்ல, தீட்டானதல்ல. கிறிஸ்துமஸின் சாரம் என்று ஒன்றைச் சொல்லச் சொன்னால் இதைத்தான் சொல்வேன்.

கடினமான எதிர்வாதம் இனிமேல்தான் வருகிறது. இவ்வளவு பெரிய நம்பிக்கை இந்த மண்ணில் எதை மாற்றியது? 1830-இல் லண்டன் மிஷன் கோவையில் பணி தொடங்கியது; அதற்கும் வெகுகாலம் முன்பே கருமத்தம்பட்டியில் கத்தோலிக்கர்கள் வேர்விட்டிருந்தார்கள். இருந்தும் சாதி கோயிலுக்குள் கூடவே வந்தது. கோவைப் பகுதியின் முதல் கத்தோலிக்க ஆயராக இருந்த மரியோன் தெ பிரெசிலாக், சாதி வழக்கங்களையும் சடங்குகளையும் எந்த அளவுக்கு அனுமதிக்கலாம் என்ற பழைய வழக்கில் மனச்சாட்சி அமைதி பெறாமல், 1850-களின் நடுவில் பதவியையே விட்டுப் போனார். திருச்சி மேலப்புதூர்க் கல்லறைத் தோட்டத்தில் செத்தவர்களையும் பிரித்துவைத்த சுவர் நாடறிந்தது. வெளியிலும் நிலைமை அதுதான். 1950-ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணை, பின்னர் சீக்கியருக்கும் பௌத்தருக்கும் திருத்தப்பட்டும், தலித் கிறிஸ்தவர்களைப் பட்டியல் சாதியில் சேர்க்கவில்லை. மதம் மாறினால் சாதி போய்விடும் என்று சட்டம் நினைக்கிறது. கல்லறைச் சுவர் அப்படி நினைக்கவில்லை. உடுமலைப்பேட்டைக்கு இது தூரத்துச் செய்தியும் அல்ல. 2016 மார்ச் 13 அன்று பட்டப்பகலில், இந்த ஊர்ப் பேருந்து நிலையத்தருகே, சாதி கடந்து மணந்த ஒரு தலித் இளைஞர் மனைவியின் கண்முன்னே வெட்டிக் கொல்லப்பட்டார்.

இந்த எதிர்வாதத்தை மறுக்க என்னால் முடியாது, மறுக்கவும் கூடாது. ஆனால் அது நம்பிக்கையைப் பொய்யாக்கவில்லை, நம்புவதாகச் சொல்பவர்களைத்தான் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறது. சாதியைத் திருச்சபைக்குள் வைத்துக்கொண்டவர் பெத்லகேமை மறுத்தவர். அவருடைய பாவத்துக்கு அந்தத் தொட்டியே சாட்சி. எனவே கொங்கு நாட்டுப் பங்குப் பேரவைகளுக்கும் சபைக் குழுக்களுக்கும் ஒரு வேண்டுகோள்: இந்த ஆண்டு கேரல் பவனி வசதியான தெருக்களோடு திரும்பிவிடாமல் காலனியின் கடைசி வீடு வரை போகட்டும்; அங்கே கொடுக்கும் காப்பியை எல்லாரும் வாங்கிக் குடிக்கட்டும். உங்கள் கல்லறைத் தோட்டத்தில் பிரிவினைச் சுவரோ தனி வரிசையோ இருந்தால், குடில் கட்டுவதற்கு முன்னால் அதை அகற்றுங்கள்.