மறைமுக வாடிக்கையாளர் பணி: பயன்களும் வருத்தங்களும்

மறைமுக வாடிக்கையாளர் என்பவர் மற்ற வாடிக்கையாளர்களைப் போலவே ஒரு கடைக்கோ, வங்கிக்கோ, உணவகத்துக்கோ செல்பவர். அங்கே பொருளை வாங்கி அல்லது சேவையைப் பெற்றபின், தாம் கண்டதையும் கேட்டதையும் அறிக்கையாக எழுதித் தருவார். ஆங்கில வழக்கையொட்டி 'மிஸ்டரி ஷாப்பர்' என்றும், 'மர்ம வாடிக்கையாளர்' என்றும் இவரை அழைப்பதுண்டு. கடையின் ஊழியருக்கு இவர் யார் என்பது தெரியாது. இதுவே இம்முறையின் வலிமை. இப்பணியில் ஈடுபடுவோருக்குப் பின்னர் ஏற்படும் மனவருத்தத்துக்கும் இதுவே காரணமாகிறது.

பணி நடக்கும் முறை

தன் கிளைகளில் வாடிக்கையாளர்களை எப்படி நடத்துகிறார்கள் என்று அறிய விரும்பும் நிறுவனம், இதற்கென உள்ள ஆய்வு நிறுவனம் ஒன்றை அமர்த்தும். அந்த ஆய்வு நிறுவனம் தன்னிடம் பதிவு செய்துள்ளவர்களுள் ஒருவரைத் தேர்ந்து, எந்தக் கிளைக்கு, எந்த நேரத்தில் செல்ல வேண்டும், எதைக் கேட்க வேண்டும் என்று குறிப்புகள் தரும். வரவேற்றார்களா, எத்தனை நிமிடம் காக்க வைத்தார்கள், கேட்ட கேள்விக்குச் சரியான பதில் சொன்னார்களா, பில் கொடுத்தார்களா, கழிப்பறை சுத்தமாக இருந்ததா என்பன போன்ற கேள்விகளுக்கு விடை எழுத வேண்டும். கடைக்குள் நின்று குறிப்பெடுக்க முடியாது. ஆகவே எல்லாவற்றையும் நினைவில் வைத்து, வெளியே வந்தவுடன் எழுத வேண்டும்.

பெரும்பாலும் இது மாதச் சம்பள வேலை அன்று. ஒவ்வொரு வருகைக்கும் ஒரு சிறு தொகை உண்டு. வாங்கிய பொருளின் விலையைப் பில்லைக் காட்டித் திரும்பப் பெறலாம். 'மிஸ்டரி ஷாப்பிங்' என்ற பெயர் 1940-களில் அமெரிக்காவில் வழக்கிற்கு வந்தது. பணத்தைக் கையாளும் ஊழியர்களின் நேர்மையைச் சோதிப்பதே தொடக்கத்தில் நோக்கமாக இருந்தது. ஊழியர்களின் பேச்சு, கனிவு, பொருளைப் பற்றிய அறிவு ஆகியவற்றை அளப்பது பின்னர் சேர்ந்தது.

பழைய வேர்கள்

பெயர் புதிது, கருத்து புதிதன்று. மாறுவேடத்தில் நகரைச் சுற்றிவரும் அரசர்களின் கதைகளைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். திருக்குறளில் 59-ஆம் அதிகாரமான 'ஒற்றாடல்' இதற்கு ஒழுங்கே வகுக்கிறது. ஓர் ஒற்றர் கொண்டுவந்த செய்தியை அப்படியே நம்பாமல் வேறோர் ஒற்றரைக் கொண்டு சரிபார்க்க வேண்டும் என்றும், ஒருவரை ஒருவர் அறியாத மூவரின் சொல் ஒத்தால்தான் தெளிய வேண்டும் என்றும் அது கூறுகிறது. இன்றைய ஆய்வு முறையும் இதையே வேண்டுகிறது. ஒரு நாள், ஒரு மணி நேரம், ஒருவர் கண்டதை வைத்து ஒரு கிளையையோ ஓர் ஊழியரையோ எடை போடக் கூடாது. ஒற்றருக்குப் பலர் அறியச் சிறப்புச் செய்யக் கூடாது என்பதும் அதே அதிகாரத்தின் கருத்து. மறைமுக வாடிக்கையாளருக்கும் அதே நிலைதான். நன்றாகச் செய்த வேலையை வெளியில் சொல்லிக்கொள்ள முடியாது.

பயன்கள்

மாணவர்கள், இல்லத்தரசிகள், ஓய்வு பெற்றவர்கள் ஆகியோருக்கு, நேரம் கிடைக்கும்போது செய்யக்கூடிய பகுதிநேரப் பணி இது. உணவகத்தை ஆய்வு செய்பவருக்கு ஒரு வேளை உணவு செலவில்லாமல் கிடைக்கும். கூர்ந்து கவனித்தல், நினைவில் வைத்தல், விருப்பு வெறுப்பின்றி எழுதுதல் ஆகிய பழக்கங்களும் வளரும். 'ஊழியர் மரியாதை இல்லாமல் நடந்தார்' என்று எழுதுவதற்கும், 'நான் இரு முறை கேட்ட பிறகும் ஊழியர் தலை நிமிரவில்லை. நான்கு நிமிடம் கழித்துப் பதில் சொன்னார்' என்று எழுதுவதற்கும் உள்ள வேறுபாட்டை இப்பணி கற்றுத் தருகிறது. முதலாவது கருத்து, இரண்டாவது சான்று.

இவற்றைவிடப் பெரிய பயன், புகார் சொல்ல இயலாதவர்களின் அனுபவம் பதிவாவது. தமக்குக் கிடைத்த சேவை தவறானது என்பதே பல வாடிக்கையாளர்களுக்குத் தெரியாது. இதற்கு இந்தியாவிலேயே நல்ல எடுத்துக்காட்டுகள் உள்ளன.

முதலாவது, காசநோய் பற்றியது. 2014-இல் டெல்லியில், பயிற்சி பெற்ற சிலர் நோயாளிகளாக நடித்து மருத்துவர்களிடம் சென்றனர். இதன் முடிவுகள் 2015-இல் 'லான்செட் தொற்றுநோய்கள்' இதழில் வெளியாயின. மொத்தம் 250 சந்திப்புகளில் 52-இல் மட்டுமே, அதாவது ஏறத்தாழ 21 விழுக்காட்டில் மட்டுமே, சரியான முறை பின்பற்றப்பட்டது. மருத்துவர்களிடம் இதே போன்ற நோயாளியைப் பற்றி நேரடிக் கேள்வியாகக் கேட்டபோது கிடைத்த விடைகள் இதைவிட நன்றாக இருந்தன. ஒருவர் அறிந்திருப்பது வேறு, அன்றாடம் செய்வது வேறு என்ற உண்மையை, நோயாளியாகச் சென்றதால்தான் அளக்க முடிந்தது.

இரண்டாவது, ஆயுள் காப்பீடு பற்றியது. சந்தோஷ் அனகோல், ஷான் கோல், ஷாயக் சர்க்கார் ஆகிய ஆய்வாளர்கள், பயிற்சி பெற்றவர்களைக் காப்பீட்டு முகவர்களிடம் வாடிக்கையாளர்களாக அனுப்பினர். வந்தவருக்குப் பொருந்தாத, ஆனால் முகவருக்கு அதிகக் கமிஷன் தரும் திட்டங்களையே முகவர்கள் பெரும்பாலும் பரிந்துரைத்தது தெரியவந்தது. குறிப்பிட்ட ஒரு வகைத் திட்டத்துக்கு மட்டும் கமிஷன் தொகையை வெளியிட வேண்டும் என்ற விதி வந்ததும், முகவர்கள் அந்த விதிக்கு உட்படாத வேறு திட்டங்களைச் சொல்லத் தொடங்கினர். இந்த ஆய்வு 2017-இல் வெளியானது.

இரண்டாவது ஆய்வு தரும் பாடம் முக்கியமானது. தவறு முகவரின் வாயிலிருந்து வந்தாலும், அதன் வேர் கமிஷன் முறையில் இருந்தது. ஒரு முகவரை நீக்கிவிட்டு இன்னொருவரை அமர்த்தியிருந்தால் எதுவும் மாறியிருக்காது.

வருத்தங்கள்

இப்பணியின் பெரிய வருத்தம் இங்கேதான் தொடங்குகிறது. ஆய்வாளர்கள் பல முகவர்களின் விடைகளைச் சேர்த்து, பெயர் குறிப்பிடாமல் வெளியிடுகிறார்கள். வணிக நிறுவனங்களுக்காகச் செய்யப்படும் ஆய்வில், எந்தக் கிளை, எந்த நேரம், எந்த ஊழியர் என்பதெல்லாம் அறிக்கையில் இருக்கும். ஊழியரின் சட்டையில் உள்ள பெயரைக் குறித்துவரச் சொல்வதும் உண்டு. காலை முதல் நின்றுகொண்டே வேலை செய்து களைத்த விற்பனைப் பெண் ஒருமுறை புன்னகை செய்ய மறந்தால், அது மதிப்பெண் குறைவாகப் பதிவாகும். அவரை உட்கார விடாத நிர்வாகத்தைப் பற்றி வினாத்தாளில் கேள்வி இருக்காது.

கடை ஊழியர்களுக்கு இருக்கை வேண்டும் என்பதற்கே தமிழ்நாட்டில் சட்டம் தேவைப்பட்டது என்பதை இங்கே நினைவுகூரலாம். 2021-இல் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் திருத்தம் கொண்டுவரப்பட்டு, ஊழியர்களுக்கு இருக்கை வசதி கட்டாயமாக்கப்பட்டது. வாடிக்கையாளர் கண்ணில் படும் குறைகளுள் பல, அவர் கண்ணில் படாத இத்தகைய காரணங்களால் விளைபவை.

அறிக்கைக்குப் பிறகு அந்த ஊழியருக்கு என்ன நடந்தது என்பது எழுதியவருக்குத் தெரிவதில்லை. பயிற்சி கொடுத்தார்களா, ஊக்கத்தொகையைப் பிடித்தார்களா, வேலையை விட்டே அனுப்பினார்களா என்று கேட்கவும் வழியில்லை. சிறு வருமானத்துக்காக வந்த ஒருவர் எழுதுவது, அதே போன்ற சிறு வருமானத்தில் இருக்கும் இன்னொருவரின் வாழ்வைத் தொடுகிறது.

பொய் சொல்வதும் ஒரு சுமை. வாங்கும் எண்ணமே இல்லாமல் அரை மணி நேரம் ஒருவரின் நேரத்தை எடுத்துக்கொள்ள வேண்டியிருக்கும். விற்பனைக் கமிஷனை நம்பியிருக்கும் ஊழியருக்கு அந்த அரை மணி நேரம் உண்மையான இழப்பு.

பணம் சார்ந்த வருத்தங்களும் உண்டு. பொருளுக்கான தொகையை முதலில் தம் கையிலிருந்து செலவிட வேண்டும். பில் தொலைந்தாலோ, குறித்த நேரத்தை விட்டு வேறு நேரத்தில் சென்றாலோ, ஒரு கேள்விக்கு விடை விடுபட்டாலோ அறிக்கை ஏற்கப்படாமல் போகலாம். போக்குவரத்துச் செலவு, அறிக்கை எழுதும் நேரம் ஆகியவற்றைக் கணக்கிட்டால், மிஞ்சுவது மிகக் குறைவாக இருக்கலாம்.

பணியின் பெயரால் நடக்கும் மோசடிகள்

வீட்டிலிருந்தே சம்பாதிக்கலாம் என்ற ஆசையைப் பயன்படுத்தி ஏமாற்றுவோர் இத்துறையைச் சுற்றிப் பலர் உள்ளனர். 'ஸ்பீக் ஏசியா' வழக்கு இதற்கு நெருக்கமான இந்திய எடுத்துக்காட்டு. இணையவழிக் கருத்துக் கணிப்புகளுக்கு விடையளித்தால் பணம் கிடைக்கும் என்று கூறி, உறுப்பினர் கட்டணமாக 11,000 ரூபாய் வசூலித்த நிறுவனம் அது. பல லட்சம் பேர் அதில் சேர்ந்தனர். 2011-இல் பணம் வருவது நின்றது. மும்பை காவல்துறையின் பொருளாதாரக் குற்றப் பிரிவு வழக்கை விசாரித்தது.

வெளிநாடுகளில் வேறொரு முறை பரவலாக உள்ளது. 'நீங்கள் மறைமுக வாடிக்கையாளராகத் தேர்வாகிவிட்டீர்கள்' என்று கடிதத்துடன் ஒரு காசோலை வரும். அதை வங்கியில் போட்டு, ஒரு பகுதியை வைத்துக்கொண்டு, மீதியைப் பணப் பரிமாற்றச் சேவை மூலம் அனுப்பி அந்தச் சேவையை மதிப்பிடச் சொல்வார்கள். சில நாள்களில் காசோலை போலி என்று தெரியவரும். அனுப்பிய பணம் திரும்பாது. அமெரிக்காவின் கூட்டாட்சி வணிக ஆணையம் இதைப் பற்றித் தொடர்ந்து எச்சரித்து வருகிறது.

வேலை தருபவர் வேலை செய்பவரிடம் பணம் கேட்க மாட்டார். பதிவுக் கட்டணம், பயிற்சிக் கட்டணம், முன்வைப்புத் தொகை என்று எந்தப் பெயரில் பணம் கேட்டாலும் விலகிவிட வேண்டும். பணத்தை இழந்துவிட்டால், தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழைக்கலாம்.

மறைவு செல்லாத இடங்கள்

எல்லா ஊரிலும் இம்முறை பயன்படாது. நாமக்கல் மாவட்டத்தின் கொல்லிமலையில் உள்ள அரியூர் நாட்டை எண்ணிப் பாருங்கள். கொல்லிமலையின் ஊர்கள் பல, இவ்வாறு 'நாடு' என்ற பெயரையே தாங்கியுள்ளன. காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்துதான் மலைக்குச் செல்ல வேண்டும். இத்தகைய மலைக் கிராமத்தின் சிறு கடையில் கடைக்காரரும் வாடிக்கையாளரும் பெயர் சொல்லி அழைத்துக்கொள்பவர்கள். புதிதாக ஒருவர் வந்து நின்றால் 'எந்த ஊருங்க?' என்பதே முதல் கேள்வியாக இருக்கும். அங்கே மறைமுக வாடிக்கையாளர் மறைந்திருக்க முடியாது.

ஆனால் அளவு குறைவும் தரக் குறைவும் அத்தகைய ஊர்களில்தான் அதிகம் வலிக்கும், ஏனெனில் அடுத்த கடைக்குச் செல்வது எளிதன்று. இங்கு உதவுவது வெளிப்படையான வழி. தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம், 2013, நியாய விலைக் கடைகளின் செயல்பாட்டைச் சமூகத் தணிக்கைக்கு உட்படுத்த வேண்டும் என்று கூறுகிறது. கிராம சபையில் எழுந்து நின்று, கிடைத்த அரிசி எவ்வளவு, பதிவான அளவு எவ்வளவு என்று கேட்கலாம். எடையளவு பற்றிய புகார்களைத் தொழிலாளர் துறையின்கீழ் உள்ள முத்திரை ஆய்வாளரிடமும், பொதுவான நுகர்வோர் புகார்களை 1915 என்ற தேசிய உதவி எண்ணிலும் தெரிவிக்கலாம்.

உணவுப் பாதுகாப்பு மற்றும் தரங்கள் சட்டம், 2006 இன்னொரு வழியும் தருகிறது. அதன் 40-ஆம் பிரிவின்படி, உணவுப் பொருளை வாங்கிய எவரும் கட்டணம் செலுத்தி அதைப் பகுப்பாய்வுக்கு அனுப்பலாம். தரக்குறைவு உறுதியானால் கட்டணம் திரும்பக் கிடைக்கும். ஆனால் வாங்கும்போதே, சோதனைக்கு அனுப்பப் போவதாகக் கடைக்காரரிடம் சொல்லிவிட வேண்டும். சாதாரணக் குடிமகன் சோதிக்கும்போது, அதை முகத்துக்கு நேரே செய்யும்படி இச்சட்டம் கேட்கிறது.

இப்பணிக்குச் செல்வோர் கவனிக்க வேண்டியவை

ஆய்வு நிறுவனத்தின் முகவரியையும் பதிவையும் முதலில் சரிபார்க்க வேண்டும். செலவு எப்போது, எந்த நிபந்தனையில் திரும்பக் கிடைக்கும் என்பதை எழுத்தில் பெற வேண்டும். அறிக்கையில் கண்டதை மட்டும் எழுத வேண்டும். ஊழியரின் எண்ணத்தை ஊகிக்கக் கூடாது. கடையில் கூட்டம் எவ்வளவு, எத்தனை ஊழியர்கள் இருந்தார்கள், உட்கார இருக்கை இருந்ததா என்பதையும் கூடுதல் குறிப்பாகச் சேர்க்கலாம். வினாத்தாள் கேட்காவிட்டாலும், படிப்பவருக்கு முழுப் படமும் கிடைக்க இது உதவும். நன்றாக நடந்துகொண்ட ஊழியரைப் பற்றி, குறைகளை எழுதும் அதே நுணுக்கத்தோடு எழுத வேண்டும்.

யாருடைய குறையை எழுதுகிறோமோ, அவருக்கு நம்மிடம் பதில் சொல்லும் வாய்ப்பு இல்லை. அவர் சொல்லக்கூடியதையும் எண்ணிப் பார்த்து எழுதிய அறிக்கையே நேர்மையான அறிக்கை.